மல்லாட்டைக்குள் இருக்கும் இரண்டு செடிகள்

திருவண்ணாமலை என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது தீபமும் கிரிவலமும்தான். சுற்றியுள்ள கிராமத்து விவசாயியைக் கேட்டால் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்வார். மல்லாட்டை! சென்னையில் இது வேர்க்கடலை. பாடப்புத்தகத்தில் நிலக்கடலை. தெற்கே போனால் வெறும் கடலை. இலங்கைத் தமிழர்களுக்குக் கச்சான். பழைய ஆற்காடு மாவட்டங்களில் மட்டும் மணிலாக்கொட்டை. அது மக்கள் வாயில் தேய்ந்து மல்லாக்கொட்டையாகி, இன்னும் தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது.

பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகரம் மணிலா. அந்த ஊர்ப் பெயர் செங்கம், போளூர், செய்யாறு பக்கத்து மானாவாரிக் காடுகளுக்கு எப்படி வந்தது? மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்கும் மணிலாவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் இருநூற்று ஐம்பது ஆண்டுகள் (1565 முதல் 1815 வரை) போய் வந்துகொண்டிருந்தன. அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள் பல ஆசியாவுக்குள் நுழைந்தது அந்த வழியில்தான். சங்கப் பாடல்களில் தினை உண்டு, வரகு உண்டு, எள் உண்டு. மல்லாட்டை கிடையாது. அதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா. குறிப்பாகச் சொன்னால் தென் பொலிவியாவும் வட அர்ஜென்டினாவும் சேரும் பகுதி.

ஆனால் இந்தக் கட்டுரை அது எந்தக் கப்பலில் வந்தது என்பதைப் பற்றியது அல்ல. அந்தக் கொட்டைக்குள் நடந்த ஒரு சம்பவத்தைப் பற்றியது. ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்த அந்தச் சம்பவம், நம் மாவட்டத்து விவசாயிகளை இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் படுத்தி எடுத்திருக்கிறது. நல்லதும் செய்திருக்கிறது.

முதலில் வியாபாரத்தைப் பார்த்துவிடலாம். வணிகவியல் மாணவர்களுக்கு அதுதானே சுலபம்!

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சின் மார்செய் நகரம் சோப்புக்கும் எண்ணெய் ஆலைகளுக்கும் பேர்போனது. அந்த ஆலைகளுக்கு எண்ணெய் வித்து வேண்டும். முதலில் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலில் இருந்து வாங்கினார்கள். அது போதவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் கையில் பாண்டிச்சேரி இருந்தது; அதைச் சுற்றி ஆங்கிலேயரின் தென்னாற்காடு மாவட்டம் இருந்தது. அன்றைக்குத் திருவண்ணாமலையும் தென்னாற்காட்டைச் சேர்ந்ததுதான். 1879இல் விழுப்புரம் - பாண்டிச்சேரி ரயில் பாதை வந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் விழுப்புரத்தில் இருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கும் ரயில் வந்துவிட்டது. பதினாறு வயதில் ரமண மகரிஷி 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் வந்து இறங்கியது இந்த ரயிலில்தான். சாமியைத் தேடி ஆட்கள் இந்தப் பக்கம் வர, மல்லாட்டை மூட்டைகள் கடற்கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தன.

கம்பு, வரகு போட்ட செம்மண் காடுகள் ஒவ்வொன்றாக மல்லாட்டைக்கு மாறின. வரகை வீட்டில் சாப்பிடலாம்; மல்லாட்டையை விற்றால் கையில் காசு. மழை ஓரளவு பெய்தால் போதும். அறுவடைக்குப் பின் கொடி மாட்டுக்கு, புண்ணாக்கும் மாட்டுக்கு. விவசாயி மயங்கியதில் ஆச்சரியம் இல்லை.

1890களின் பிற்பகுதியில் அடி விழுந்தது. மகசூல் தேய்ந்தது, கொட்டையில் எண்ணெய் குறைந்தது, சென்னை மாகாணத்தின் சாகுபடிப் பரப்பே சரிந்தது. விதை தேய்ந்துவிட்டது என்றார்கள் சிலர். நோய் என்றார்கள் சிலர். தீர்வாக என்ன செய்தார்கள் தெரியுமா? கடல் தாண்டி வேறு விதை கொண்டுவந்தார்கள். மொரீஷியஸ் என்ற பெயரில் வந்த விதை பழைய நாட்டு விதையைத் துரத்திவிட்டு இடத்தைப் பிடித்தது. பயிர் மீண்டது.

பிறகு திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் வந்தது. அங்கிருந்து வெளிவந்த ரகங்களுக்கு ஊர்ப் பெயரைச் சுருக்கி டி.எம்.வி. என்று பெயர். 1940இல் வந்த டி.எம்.வி. 1, ஆப்பிரிக்காவின் சலூம் என்ற ரகத்தில் இருந்து தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு வந்த டி.எம்.வி. 2, அப்போதைய வடஆற்காடு மாவட்டத்துக் குடியாத்தம் கொத்துக் கடலையில் இருந்து தேர்ந்தெடுத்தது. 1967இல் வந்த டி.எம்.வி. 7, அமெரிக்காவின் டென்னசி ரகத்தில் இருந்து. இதில் டி.எம்.வி. 2 ஒரு சாதனையாளர். வெளிவந்து எழுபது ஆண்டுகள் ஆன பின்னும் ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் அதை விதைத்துக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ ரகங்கள் வந்து போய்விட்டன, இது மட்டும் போகவில்லை.

ஆனால் டிக்கா இலைப்புள்ளி நோய் வந்தால் டி.எம்.வி. 2 தாங்காது. 1970களில் துரு நோயும் இந்தியா முழுக்கப் பரவியது. அதற்கும் தாங்காது. வேறு ரகம் மாற்றினால்? அதுவும் பெரும்பாலும் தாங்காது. ஆப்பிரிக்க விதை, அமெரிக்க விதை, குடியாத்தம் விதை என்று எதை எடுத்தாலும் நோயின் முன்னால் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கவிழ்ந்தன. ஏன்?

பதில் நுண்ணோக்கியின் அடியில் இருந்தது. 1930களில் ஹஸ்டெட் என்ற அமெரிக்கர் மல்லாட்டையின் குரோமோசோம்களை எண்ணினார். நாற்பது. அதே இனத்துக் காட்டுச் செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு இருபதுதான். பயிர்ச் செடிக்கு மட்டும் சரியாக இரண்டு மடங்கு! அதுமட்டும் அல்ல, அந்த நாற்பதும் ஒரே ஜாடையில் இல்லை. ஒரு ஜோடி மற்றவற்றை விடத் தெளிவாகச் சிறியது. இன்னொரு ஜோடியில் வேறு ஓர் அடையாளம். இரண்டு வேறு குடும்பங்கள் ஒரே வீட்டில் குடியிருப்பது போன்ற தோற்றம்.

உண்மையிலேயே அப்படித்தான். இரண்டு வேறு காட்டுச் செடிகள் கலந்து பிறந்தது மல்லாட்டை. ஒவ்வொன்றுக்கும் பத்து ஜோடி, அதாவது இருபது குரோமோசோம்கள். தேனீ ஒன்று ஒன்றின் மகரந்தத்தை மற்றதன் பூவில் வைத்தது. பிறந்த கலப்புக்கு அம்மாவிடம் இருந்து பத்து, அப்பாவிடம் இருந்து பத்து. ஆனால் எதற்கும் ஜோடி இல்லை. ஜோடி இல்லாவிட்டால் விதை உருவாகாது, மலடு. அந்தக் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். எங்கோ ஒரு செல் பிரியும்போது தப்பு நடந்து, மொத்தமும் இரட்டித்துவிட்டது. இருபது நாற்பதானது. இப்போது ஒவ்வொன்றுக்கும் ஜோடி கிடைத்துவிட்டது. மலட்டுச் செடி காய்த்தது.

ஒரு மரபணு மட்டும் இரட்டிக்கலாம், ஒரு துண்டு இரட்டிக்கலாம், இப்படி மொத்தத் தொகுதியுமே இரட்டிக்கலாம். உயிர்களின் வரலாற்றில் இது சின்ன விஷயம் அல்ல. புதிய மரபணு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு உயிரியல் தரும் முக்கியமான பதிலே இந்த நகலெடுப்புதான்.

இதைக் கண்டுபிடித்த கதை ஒரு பழ ஈயிடம் தொடங்குகிறது. சில பழ ஈக்களுக்குக் கண் வட்டமாக இல்லாமல் ஒடுங்கிய பட்டை போல இருக்கும். 1936இல் கால்வின் பிரிட்ஜஸ் அந்த ஈயின் குரோமோசோமை உற்றுப் பார்த்தபோது, ஒரு துண்டு அடுத்தடுத்து இரண்டு முறை இருந்தது. ஜெராக்ஸ் மெஷினில் ஒரே பக்கம் இரண்டு முறை வந்துவிட்ட மாதிரி!

அதற்கு முன்பே, 1932இல், ஜே.பி.எஸ். ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் அறிஞர் ஒரு யோசனையைச் சொல்லியிருந்தார். ஒரு மரபணுவுக்கு இரண்டு பிரதி இருந்தால், ஒன்று தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மற்றது மாறலாம். உயிருக்குச் சேதம் இல்லை. இந்த ஹால்டேன் நமக்கு அந்நியர் அல்ல. 1957இல் இங்கிலாந்தை விட்டு இந்தியாவுக்கு வந்தார், கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார், இந்தியக் குடியுரிமையும் வாங்கிக்கொண்டார். 1964 டிசம்பரில் புவனேஸ்வரில் காலமானார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கப்பட்டது. நம் பாடப்புத்தகங்களில் இவருக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

ஹால்டேன் போட்ட விதையை மரமாக்கியவர் ஜப்பானிய வம்சாவளி அறிஞர் சுசுமு ஓனோ. கலிஃபோர்னியாவில் வேலை பார்த்தவர். 1970இல் இந்த ஒரே கருத்துக்காக ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அவர் வாதத்தைக் கடைக் கணக்கில் சொல்லலாம். கடையில் ஒரே ஒரு பேரேடுதான் இருக்கிறது என்றால் அதில் யாரையும் கிறுக்க விடமாட்டார் முதலாளி. ஒரு எழுத்து மாறினாலும் கணக்கு கவிழும். அதற்கு ஒரு நகல் இருந்தால்? அசல் கல்லாவில் இருக்கும்; நகலில் குழந்தை படம் வரையலாம். பெரும்பாலும் அந்த நகல் கிறுக்கல் ஆகிக் குப்பைக்குத்தான் போகும். எப்போதாவது ஒருமுறை அந்தக் கிறுக்கல் உபயோகமான வேறு ஏதோவாக ஆகிவிடும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வேலையைக் கெடுக்காமல் புதிய வேலை ஒன்று பிறக்க இது ஒரு வழி.

நகல் பெரும்பாலும் குப்பைக்குப் போகும் என்பதை மறக்கக் கூடாது. இதைப் படிக்கிறவர்கள் பலர் இரட்டிப்பு என்றாலே முன்னேற்றம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இயற்கை எதையும் திட்டம் போட்டு நகலெடுப்பதில்லை. நகல் விழுகிறது, அவ்வளவுதான்.

குப்பைக்குப் போகாதவை எப்படி இருக்கும் என்பதற்கு நம் உடம்பே உதாரணம். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகைச் சங்கிலிகள். இரண்டும் ஒரே பழைய மரபணுவின் நகல்களில் இருந்து பிரிந்தவை. சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க உதவும் இரண்டு மரபணுக்களும் அப்படியே. ஒன்று மற்றதன் நகல், இரண்டும் எக்ஸ் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில். சோற்றை வாயிலேயே சர்க்கரையாக்கத் தொடங்கும் எச்சில் நொதி ஒன்று உண்டு. அதன் மரபணு ஆளுக்கு ஆள் இரண்டிலிருந்து பதினைந்து பிரதி வரை இருக்கலாம் என்று 2007இல் வந்த ஆய்வு காட்டியது. மாவுச்சத்து அதிகம் சாப்பிடும் மக்களிடம் பிரதிகளும் சராசரியாக அதிகம். சோற்றுப் பிரியர்கள் சந்தோஷப்படலாம்.

செடிகளுக்கு வருவோம். விலங்குகளை விடச் செடிகள் மொத்த இரட்டிப்பை மிகச் சுலபமாகத் தாங்கும். கோதுமை, பருத்தி, உருளைக்கிழங்கு, கரும்பு எல்லாம் பல மடங்குக் குரோமோசோம்காரர்கள். இதில் கரும்பின் கதை தமிழ்நாட்டில் நடந்தது. 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. பார்பர், அவருக்குப் பின் டி.எஸ். வெங்கட்ராமன் ஆகியோர் இனிப்புக் கரும்பையும் காட்டு நாணலையும் கலந்தார்கள். 1918இல் வந்த கோ 205 வட இந்தியக் கரும்பு வயல்களின் தலையெழுத்தை மாற்றியது. இந்தக் கலப்பில் ஒரு விசித்திரம் இருக்கிறது. சாதாரணமாக அம்மா பாதி, அப்பா பாதி கொடுக்க வேண்டும். இங்கே இனிப்புக் கரும்பு அம்மாவாக இருந்தால் தன் பாதியை அல்ல, முழுவதையும் கொடுத்துவிடும்!

அந்த நிலையத்தில் 1934 முதல் 1939 வரை குரோமோசோம்களை எண்ணிக்கொண்டிருந்தவர் தலச்சேரியில் பிறந்து சென்னையில் படித்த ஜானகி அம்மாள். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கூடக் கலந்து பார்த்தவர். பிறகு இங்கிலாந்து போய் 1945இல் டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்ச் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்துப் பெரிய புத்தகம் ஒன்றை வெளியிட்டார். லண்டன் அருகே விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா செடிகளை இரட்டிக்க வைத்தார். அவர் பெயரிலேயே ஒரு மக்னோலியா இருக்கிறது. 1951இல் நேருவின் அழைப்பில் இந்தியா திரும்பினார். 1984இல் சென்னை மதுரவாயலில் காலமானார்.

மக்னோலியாவை எதை வைத்து இரட்டித்தார்? கோல்சிசின் என்ற மருந்தை வைத்து. குரோமோசோம்கள் இரட்டித்த பின் செல் இரண்டாகப் பிரிய விடாமல் தடுத்துவிடும் பொருள் அது. பிரியாத செல்லில் எல்லாமே இரண்டு மடங்காகத் தங்கிவிடும். 1937இல் அமெரிக்காவில் இந்த உபயோகத்தைக் கண்டுபிடித்தபோது உலகெங்கும் ஆய்வாளர்கள் துள்ளிக் குதித்தார்கள். இயற்கையில் எப்போதோ நடக்கும் தப்பை இனி வேண்டும்போது நடத்தலாம் அல்லவா? இந்தக் கோல்சிசின் ஐரோப்பியப் பூச்செடி ஒன்றில் இருந்து எடுத்தது. அதே பொருள் நம்முடைய செங்காந்தளிலும் இருக்கிறது. தமிழ்நாட்டின் மாநில மலர். கண்வலிக்கிழங்கு என்று விவசாயிகள் சொல்வது. கார்த்திகைப் பூ என்றும் பெயர். மலையில் தீபம் ஏற்றும் மாதத்தின் பெயரைத் தாங்கிய பூவில், மரபணுத் தொகுதியை இரட்டிக்க வைக்கும் மருந்து! மருந்துக் கம்பெனிகளுக்காகத் திண்டுக்கல், கரூர் பக்கத்தில் இதைப் பந்தல் போட்டே பயிர் செய்கிறார்கள். கிழங்கு கொடிய விஷம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி மல்லாட்டையின் பெற்றோரைத் தேடிய கதை.

தென் அமெரிக்கக் காட்டுச் செடிகள் பலவற்றை ஒப்பிட்டு இரண்டு பேரைச் சந்தேகப்பட்டார்கள். ஒன்று அராக்கிஸ் டுரானென்சிஸ். அர்ஜென்டினா, பொலிவியா எல்லையில் நிறையவே உண்டு. மற்றது அராக்கிஸ் இபாயென்சிஸ். 1994இல்தான் அதற்கு முறையான பெயரே வைத்தார்கள். தென் பொலிவியாவில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் சேகரிக்கப்பட்ட செடி அது. 2016இல் இந்த இரண்டின் டி.என்.ஏ. வரிசையும் முழுதாகப் படிக்கப்பட்டு வெளியானது. பிறகு 2019இல் மல்லாட்டையின் தொகுதியே வெளியானது. ஏறத்தாழ 270 கோடி எழுத்துகள். மனிதனுடையதை விடக் கொஞ்சம்தான் குறைவு. இந்த வேலையில் ஐதராபாத் அருகே பட்டன்செருவில் இருக்கும் இக்ரிசாட் நிறுவனத்துக்கும் பங்கு உண்டு.

ஒப்பிட்டதும் ஆய்வாளர்கள் அசந்துபோனார்கள். மல்லாட்டையின் ஒரு பாதி, இபாயென்சிஸோடு 99.96 சதவீதம் ஒத்துப்போனது. ஒரே ஊரில் ஒளிந்திருந்த அந்தச் செடிதான் கிட்டத்தட்ட நேரடிப் பாட்டி! எழுத்து வித்தியாசத்தைக் கணக்கிட்டுக் கலப்பு நடந்தது சுமார் 9,400 ஆண்டுகளுக்கு முன் என்றார்கள்.

கலப்பில் மனிதன் கையும் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் இதில் சுவாரசியமான பகுதி. மல்லாட்டை இனத்தின் பழக்கம் நமக்குத் தெரியும். பூ மேலே பூக்கும். பிறகு விழுது மண்ணுக்குள் இறங்கிக் காய் உள்ளே பிடிக்கும். விதையைத் தாய் தன் காலடியிலேயே புதைத்துக்கொள்கிறது. காற்று தூக்கிப் போகாது, பறவை கொத்திப் போகாது. தானாகப் பரவினால் ஆண்டுக்கு ஒரு மீட்டர் அளவுக்கே பரவும். ஆனால் இபாயென்சிஸ் இருக்கும் இடமோ அதன் நெருங்கிய சொந்தங்கள் வாழும் பகுதியில் இருந்து மிகத் தொலைவு. வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்ந்த பழங்குடிகள் யாரோ கொட்டையைக் கையில் எடுத்துப் போய் வேறு ஊரில் நட்டிருக்கிறார்கள். அங்கே அது டுரானென்சிஸைச் சந்தித்தது.

இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்துபோன இரண்டு சொந்தங்கள் ஒரே செடிக்குள் வந்ததும், ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு மரபணு ஆனது. இரண்டு கம்பெனிகள் இணைந்த கதை. இணைப்பு முடிந்த மறுநாள் இரண்டு கணக்குப் பிரிவு, இரண்டு கொள்முதல் பிரிவு, இரண்டு மேனேஜர். சில பிரிவுகளை மூடுவார்கள். சில இடங்களில் ஒரு கம்பெனியின் முறை மற்றதன் முறையை அழித்துவிட்டு உட்காரும். மல்லாட்டையிலும் அதுவே நடந்திருக்கிறது. குரோமோசோமின் சில பகுதிகளில் ஒரு பெற்றோரின் பிரதி போய், மற்றவருடைய பிரதியே இரண்டு இடத்திலும் இருக்கிறது. இதைச் சோதிக்க அதே இரண்டு காட்டுச் செடிகளைக் கலந்து, கோல்சிசின் கொடுத்து இரட்டித்து, புதிதாக ஒரு 'மல்லாட்டை'யை உருவாக்கினார்கள். அதன் வாரிசுகளில் பூவின் நிறமே ஆரஞ்சில் இருந்து மஞ்சளாக மாறியவை கிளம்பின. வெளியே இருந்து எதுவும் சேராமல், இரண்டு பிரதிகள் தங்களுக்குள் இடம் மாற்றிக்கொண்டதில் கிடைத்த புதுமை அது.

இரட்டைப் பிரதியின் பலமும் தொல்லையும் எண்ணெய்ச் சட்டியில் தெரியும். மல்லாட்டை எண்ணெயில் முக்கியமாக இரண்டு கொழுப்பு அமிலங்கள்: ஒலீயிக், லினோலீயிக். லினோலீயிக் அதிகம் இருந்தால் எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். வறுத்த கடலை பாக்கெட் சீக்கிரம் கெடும். ஒலீயிக்கை லினோலீயிக்காக மாற்றும் மரபணு ஒன்று உண்டு. அதைக் கெடுத்துவிட்டால் நல்லது. ஆனால் கெடுத்தால் ஒன்றும் ஆகாது! ஏனென்றால் அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என்று இரண்டு இருக்கின்றன. ஒரு பிரிவு வேலைநிறுத்தம் செய்தால் மற்ற பிரிவு சத்தம் இல்லாமல் வேலையை முடித்துவிடும். இரண்டும் ஒரே செடியில் கெட்டால்தான் விஷயம் வெளியே தெரியும். அப்படி ஒரு செடி அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அகப்பட்டது, 1987இல் அறிவித்தார்கள். அந்த வழியில் இந்தியாவில் ஜுனாகத் நிலக்கடலை ஆராய்ச்சி நிறுவனமும் இக்ரிசாட்டும் உருவாக்கிய கிர்னார் 4, கிர்னார் 5 என்ற ரகங்கள் 2020இல் நாட்டுக்கு அறிமுகம் ஆயின. இவற்றின் எண்ணெயில் ஒலீயிக் எண்பது சதவீதத்துக்குப் பக்கம்.

இப்போது பழைய கேள்விக்கு வரலாம். எந்த ஊர் விதையைப் போட்டாலும் நோய் ஏன் ஒரே மாதிரி அடித்தது?

அந்த இரட்டிப்பு நடந்தது ஒரு முறை, அல்லது விரல் விட்டு எண்ணும் சில முறை. உலகத்தில் இன்றைக்கு இருக்கும் மல்லாட்டை அத்தனையும் அதன் வாரிசு. செனகலுக்குப் போனதும், டென்னசிக்குப் போனதும், மணிலா வழியாகக் குடியாத்தம் வந்ததும் ஒரே குடும்பம். போதாததற்கு மல்லாட்டை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். வெளியார் கலப்பு குறைவு. இதைவிடப் பெரிய சிக்கல், நாற்பது குரோமோசோம் ஆனதும் காட்டுச் சொந்தங்களோடு உறவு முறிந்துவிட்டது. நாற்பதும் இருபதும் கலந்தால் முப்பது பிறக்கும். முப்பதில் பத்துக்கு ஜோடி இல்லை, மலடு. காட்டில் எண்பதுக்கும் மேற்பட்ட அராக்கிஸ் இனங்கள் இருக்கின்றன. அவற்றில் சில டிக்காவையும் துருவையும் தூசு போலத் தட்டிவிடும். ஆனால் அந்தச் சொத்து மல்லாட்டை வீட்டுக்குள் வர வழியில்லை. காய்க்க வைத்த இரட்டிப்பே கதவையும் சாத்திவிட்டது. ஆற்காட்டு விவசாயி கடல் தாண்டி விதை வாங்கியபோதெல்லாம், அவருக்குக் கிடைத்தது அதே வீட்டின் இன்னொரு பங்காளி.

பூட்டைத் திறந்ததும் இரட்டிப்புதான். 1960களில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மல்லாட்டையை அராக்கிஸ் கார்டெனாசி என்ற பொலிவியக் காட்டுச் செடியோடு கலந்தார்கள். முப்பது குரோமோசோம் மலடு பிறந்தது. அதற்குக் கோல்சிசின் கொடுத்தார்கள். முப்பது அறுபது ஆனது, எல்லாவற்றுக்கும் ஜோடி கிடைத்தது, காய்த்தது. பிறகு தலைமுறை தலைமுறையாக வளர்க்க வளர்க்க, உபரிக் குரோமோசோம்கள் கழன்று மீண்டும் நாற்பதுக்கு வந்து நின்றது. ஆனால் அந்த நாற்பதில் சில இடங்களில் காட்டுச் செடியின் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. நோய் எதிர்ப்பு அந்தத் துண்டுகளில் இருந்தது. செடிகளின் நோய் எதிர்ப்பு மரபணுக்கள் பெரும்பாலும் ஒன்றின் நகல் இன்னொன்று என்று ஒரே இடத்தில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். எந்தப் பூஞ்சாணம் வரும் என்று தெரியாத உலகில் நகல்கள் அதிகம் இருப்பவன் பிழைக்கிறான்.

அந்த விதைகள் காப்புரிமைத் தகராறு எதுவும் இல்லாமல் பட்டன்செருவுக்கு வந்தன, அங்கிருந்து ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போயின. இன்றைய சட்டதிட்டங்களில் ஒரு காட்டுச் செடியின் விதை இவ்வளவு சுலபமாக நாடு விட்டு நாடு போகுமா என்பது சந்தேகமே. அந்த வழியில் வந்த ஒன்றை வைத்துக் கர்நாடகத்தின் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகம் ஜி.பி.பி.டி. 4 என்ற ரகத்தை உருவாக்கியது. துருவையும் இலைப்புள்ளியையும் தாங்கும் ரகம்.

அதே தார்வாட்காரர்கள் அடுத்து ஒரு பழைய ரகத்தைக் கையில் எடுத்தார்கள். ஜி.பி.பி.டி. 4ஐ அதனுடன் கலந்து, பிறந்ததை மீண்டும் மீண்டும் அந்தப் பழைய ரகத்துடனேயே கலந்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் டி.என்.ஏ. அடையாளத்தைப் பார்த்துக் காட்டுத் துண்டு இருக்கும் செடியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 2017இல் முடிவை வெளியிட்டார்கள். நோயைத் தாங்கும் செடிகள் கிடைத்திருந்தன. மற்ற எல்லா விதத்திலும் கிட்டத்தட்ட அந்தப் பழைய ரகமே. அது 1940இல் திண்டிவனத்தில் இருந்து வந்த டி.எம்.வி. 2, நம் குடியாத்தம் கொத்து.